தங்கையின் அரியர்கள்

என் தங்கை ஏதோ ஒரு பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆன பிறகும், ஒரே ஆய்வைப் பற்றி ஊர் ஊராகக் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். அவள் மரக்காணத்துக்குத் திரும்பி வந்தாள். அடுத்த மாதம் அதே பேச்சோடு வேறொரு நகரத்துக்கு ரயில் ஏறினாள். தேறியவர்கள் இப்படியா செய்வார்கள்?

"ஏம்மா, இன்னும் எத்தினி தபாதான் எழுதும் அது?" என்று அத்தை என்னிடம் கேட்பார். "எம்புள்ள மூணு அரியர் வெச்சான். அவனே முடிச்சிட்டு கம்பெனிக்குப் போறான்."

"அது பரீட்சை இல்ல அத்தை. ஆராய்ச்சில கண்டுபிடிச்சத மத்தவங்களுக்குச் சொல்றது."

"கண்டுபிடிச்சாச்சுன்னா ஒரு தபா சொன்னா போதாதா?"

நான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். வீட்டில் படித்தவள் என்ற பெயர் எனக்கு உண்டு என்பதால் விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கருந்துளைக்குள் விழுந்த ஒன்றைப் பற்றிய தகவல் அழிந்துபோகிறதா, என்றாவது வெளியே வருகிறதா என்பதே அவள் ஆராய்ந்தது. உப்பளத்து ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரில் கரைந்த உப்பை உவமையாகச் சொல்லலாமே என்று ஒருமுறை யோசனை சொன்னேன். அவள் ஒப்பவில்லை. "உப்பு திரும்பி வரும்னு எல்லாருக்கும் தெரியும்க்கா. இது வருமா வராதான்றதுதானே கேள்வியே." உவமை போயிற்று. அத்தையின் கேள்வி அப்படியே இருந்தது.

ஒரு கோடையில் அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தில் நிரந்தரப் பணி. தேர்வுக் குழுவின் முன் இணையத்தில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். அதுவரை வெளிநாட்டிலும் உள்நாட்டிலுமாக இரண்டாண்டு, மூன்றாண்டு ஒப்பந்தங்களிலேயே காலம் தள்ளியவள். இது கிடைக்காவிட்டால் மறுபடியும் வெளிநாடுதான். பழைய ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருந்ததால், முன்னறையிலிருந்தே பேசுவதாக முடிவாயிற்று.

அன்று பிற்பகல் நான் விடுப்பு எடுத்திருந்தேன். வாசலில் ஒலிபெருக்கி கட்டிய மீன் வண்டியை அடுத்த தெருவுக்கு அனுப்பினேன். உளுந்து கடன் கேட்டு வந்த அத்தையைப் பின்கட்டில் உட்கார வைத்தேன். காலையிலேயே உப்பளத்து வேலையை முடித்துவிட்டுக் குளித்து வந்த அப்பா, கேமராவில் படாத மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு அமர்ந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

திரையில் காட்டி விளக்கிய படங்களில் இரண்டாவதற்கு அவள் வந்தவுடனேயே குழுவில் இருந்த நரைத்த தாடிக்காரர் குறுக்கிட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் மறுத்தார். மூன்றாவது படத்தில் மீண்டும் குறுக்கிட்டார், இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். தங்கையின் முகம் சிவந்தது. கைகள் காற்றில் கோடு போட்டன. அவளுடைய மகிழ்ச்சி அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். யாரும் எதுவும் கேட்காத கருத்தரங்கிலிருந்து திரும்பும் நாளில்தான் அவள் சோறு இறங்காமல் எழுந்து போவாள். ஒன்றுமில்லை என்று அப்பாவுக்குக் கையால் சாடை காட்டினேன். அவர் எழுந்து போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

மின்விசிறி நின்றது. மடிக்கணினியில் தாடிக்காரரின் வாய் பாதி திறந்தபடி உறைந்தது.

ஓடினேன். மெயின் சுவிட்சின் மேல் அப்பாவின் கை இருந்தது.

"இன்னாப்பா பண்ண?"

"போதும்மா. எம்பொண்ண நிக்கவெச்சிப் பேசவே வுடாம கேக்குறானுங்க. கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கட்டும். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

கரண்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மோடம் உயிர் பெற மறுத்தது. என் கைப்பேசி வழியே இணைக்க முயன்றோம்; அதன் சமிக்ஞை வந்து வந்து போயிற்று. ஒருவழியாக நுழைந்தபோது அவளுக்குத் தந்த ஒரு மணி நேரம் முடிந்திருந்தது. தலைவர் கண்ணியமாக வருத்தம் தெரிவித்துவிட்டு, அடுத்தவர் காத்திருப்பதாகச் சொன்னார். தாடிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திரை மூடிக்கொண்டது.

தங்கை கத்தவில்லை. நான்தான் கத்தினேன்.

"வுடுக்கா," என்றவள் அப்பாவிடம் திரும்பினாள். "அவர் அவ்ளோ கேட்டாருன்னா என் வேல அவருக்குப் புடிச்சிருக்குன்னு அர்த்தம்ப்பா."

"புடிச்சா எதுக்கும்மா சண்ட போடுறாரு?"

பின்கட்டிலிருந்து அத்தை, "பாசா, ஃபெயிலா?" என்று குரல் கொடுத்தார்.

பல நாள் அப்பாவின் மேல் எரிச்சலோடு இருந்தேன். பிறகுதான், பரீட்சை என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே நான் என்பது நினைவுக்கு வந்தது. அவளுடைய முதல் கருத்தரங்கின்போது, அது என்ன என்று அப்பா கேட்டார். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் தலை நிமிராமலே, "பரீட்ச மாதிரிதாம்ப்பா" என்றேன். அப்புறம் எத்தனை முறை மறுத்தும் அந்தச் சொல் வெளியேறவில்லை.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. "என்னாலயாம்மா?" என்று அப்பா ஒரே ஒருமுறை கேட்டார். "இல்லப்பா" என்றாள் அவள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அவள் மறுபடியும் வெளிநாட்டில், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறாள். இணையத்தில் அவள் பேசும் கருத்தரங்குகளில் சிலவற்றில் யார் வேண்டுமானாலும் சேரலாம். எங்கள் மாலை நேரத்துக்கு அமைந்தால் அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து திரைக்கு நேர் எதிரே உட்காருகிறார். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கேள்விகளை விரல் விட்டு எண்ணுவார். சென்ற முறை ஒரு கேள்விகூட வரவில்லை.

"இன்னாம்மா, ஒருத்தனும் வாயத் தொறக்கல? தூங்குறானுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

நன்றி சொன்னார்கள். முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் திரையில் அவள் இருந்தாள். பக்கத்துக் கட்டத்தில் நெருங்கி உட்கார்ந்தபடி அப்பாவும் நானும் இருந்தோம்.