பதினேழாவது படி

நூற்றுப்பத்து கிலோவோல்ட் மின்பாதையில் நாற்பதாவது டவரிலிருந்து தொண்ணூறாவது டவர் வரைக்கும் அவருடைய ராஜ்ஜியம். ஒரு சைக்கிள், ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. கம்பிக்கு அடியிலேயே நடந்து போய், அண்ணாந்து பார்த்து, கண்ணில் பட்டதை எழுதி ஆபீசில் கொடுக்க வேண்டும். கம்பியைத் தாங்கும் பீங்கான் தட்டில் விரிசல், காக்கா கட்டிய கூடு, கம்பியைத் தொடப் பார்க்கும் கிளை, யாரோ கழற்றிக்கொண்டு போன போல்ட். இருபத்திரண்டு வருஷம் அண்ணாந்தே நடந்ததில் கழுத்து பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்கள் ஆளுக்குத் தலைக்கனம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் அவரை டவர்காரர் என்றே கூப்பிட்டார்கள். சிக்கலே அந்தப் பெயரில்தான். டவரில் ஏறுகிற ஆட்கள் வேறு. அவருக்கோ மாடிப்படியில் கைப்பிடி இல்லாவிட்டாலே உள்ளங்கால் கூசும். ஆனால் கல்யாணப் பேச்சின்போது தரகர், "மாப்பிள்ளைக்கு வேலையே ஆகாசத்துலதான்" என்று அளந்துவிட்டார். பெண்ணின் கண்கள் அகலமாக விரிந்தன. அந்தக் கண்களைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து அவர் மனைவிக்கு அதே பெருமை. எதிர்வீட்டுக்காரியிடமும், தையல்காரரிடமும், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர்களிடமும் சொல்வாள். வீட்டில் பல்பு ஃபியூஸ் போனால் ஸ்டூலில் ஏறுவதும் அவள்தான். "நாள் பூரா உயரத்துலயே கிடக்கறேன். வீட்டுலயாவது தரையில நிக்க விடேன்" என்பார் இவர். அவளும் பாவம் என்று விட்டுவிடுவாள்.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஆபீசிலிருந்து போன். அறுபத்தோராம் டவரில் ஆள் ஏறி நிற்கிறானாம். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அங்கே திருவிழாக் கூட்டம். மேலே டவரின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது சலூன்காரர். கடையில் அவர் வளர்க்கும் கிளி கூண்டைத் திறந்துகொண்டு போய் டவரில் உட்கார்ந்திருக்கிறது. சலூன்காரர் வெள்ளையடிக்கிற ஏணியைச் சாத்தி, ஆள் ஏறாமலிருக்கச் சுற்றிய முள்கம்பி வளையத்தைத் தாண்டிப் பின்னாலேயே ஏறியிருக்கிறார். கிளி அலுத்துப்போய்க் கடைக்கே திரும்பிவிட்டது. அவருக்குத்தான் இறங்க வரவில்லை. தோளில் துண்டு, சட்டைப் பையில் சீப்பு, கீழே பாதி முகம் சவரம் செய்த நிலையில் ஒரு வாடிக்கையாளர்.

டவர்காரர் முதல் வேலையாக சப்ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

"சார், லைனை உடனே ஆஃப் பண்ணுங்க. டவர்ல ஆள் இருக்கான்."

"பண்றேன். காரணம் என்னன்னு எழுதறது?"

"கிளின்னு எழுதுங்க சார்."

எதிர்முனையில் 'கி, ளி' என்று எழுத்துக்கூட்டுவது கேட்டது. பிறகு லைன் நிறுத்தப்பட்டதாகத் தகவல் வந்தது. ஆனால் ஏறுகிற ஆட்கள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகுமாம்.

"அண்ணே, காலுக்குப் படி கிடைக்கலண்ணே! கண்ணு இருட்டுது!" என்றார் சலூன்காரர் மேலிருந்து.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு குரல் வந்தது. "தள்ளுங்க, தள்ளுங்க! எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரில்ல? இப்ப பாருங்க, அணில் மாதிரி ஏறுவாரு!" காய்கறிப் பையோடு அவர் மனைவி.

எல்லோரும் வழிவிட்டார்கள். டவர்காரர் ஏணியைப் பிடித்தார். இரண்டு படி ஏறினார். கீழே பார்த்தார். இறங்கிவிட்டார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அண்ணாந்து கத்தினார்.

"தம்பி! என்னால ஏற முடியாது. எனக்கு உயரம்னா பயம்!"

மனைவியின் பையிலிருந்து ஒரு தக்காளி உருண்டது.

"என்னண்ணே சொல்றீங்க? நீங்க டவர்காரர்தானே?"

"டவரைப் பார்க்கற ஆளு. ஏறுற ஆளு இல்ல. உனக்கு இப்ப வயித்துல என்ன பண்ணுதோ, அது எனக்கு இருபத்திரண்டு வருஷமா பண்ணுது."

மேலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அழுகை கலந்த சிரிப்புதான். ஆனாலும் சலூன்காரருக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. டவர்காரர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். அந்த டவரில் படியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு போல்ட்டும் அவருக்கு மனப்பாடம். இடமும் வலமுமாக மாறி மாறிப் போகும் படிகளில் பதினேழாவது இல்லை. பதினோரு தடவை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. 'எந்த டவர் என்று தெளிவாகக் குறிப்பிடவும்' என்று ஒரே ஒரு தடவை பதில் வந்தது. ஏறும்போது சலூன்காரர் கிளி ஆசையில் அடுத்த படியை எட்டிப் பிடித்துவிட்டார். இறங்கும்போது இடது கால் துழாவித் துழாவி வெறுங்காற்றையே மிதித்துக்கொண்டிருந்தது.

"இடது காலால தேடாத. அங்க படி கிடையாது. ரெண்டு காலையும் ஒரே படியில வை. வச்சியா? இப்ப வலது காலை இறக்கு. இன்னும். இன்னும் ஒரு ஜாண். பெருவிரல்ல ஏதாவது தட்டுதா?"

"தட்டுதுண்ணே!"

"அதான் பதினாறு. இனிமே எல்லாம் ஒழுங்கா இருக்கு. பன்னண்டாவது மட்டும் லேசா ஆடும், பயப்படாத."

ஒவ்வொரு படியாக எண்ணி எண்ணி இருபது நிமிஷத்தில் ஆள் ஏணிக்கு வந்து, தரைக்கும் வந்தார். இறங்கியதும் டவர்காரரைக் கட்டிக்கொண்டார். பாதி முகம் சவரமானவர், "என் மீதி?" என்று கேட்டதற்கு, சலூன்காரர் நடுங்கும் கையைக் காட்டினார். வாடிக்கையாளர் பாதி முகத்தோடேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளே புது போல்ட் வந்தது. லைனை நிறுத்த வைத்ததற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது.

ஆனால் ஆள் இறங்கிய அன்று மதியம் அவருக்கு இருந்த ஒரே கவலை மனைவியைப் பற்றித்தான். சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் மனைவி காய்கறிப் பையோடு வந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஏங்க, ஒரு தடவைகூட ஏறினதே இல்லையா?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு ஏறினேன். நாலு ஆள் உயரம். அப்புறம் கட்டிப் பிடிச்சவன் கையை விடவே இல்ல. மேஸ்திரி என்னென்னமோ சொல்லிப் பார்த்தாரு. கடைசியில என்னைச் சாக்குல போட்டு, பீங்கான் தட்டு தூக்குற கயித்துல கட்டி இறக்கினாங்க."

"சாக்குலயா?"

"சாக்குலதான். கீழ வந்ததும் மேஸ்திரி, 'கவனமா பிரிங்கடா, உடையற சாமான்'னாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப் போய்ச் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அவள் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.