அரை மணி நேரம் நீண்ட பஸ் பாட்டு

என் தங்கை டிரம்ஸ் வாசிக்கும் குழுவுக்குச் சொந்தமாக மூன்று பாட்டுகள்தான் இருந்தன. பதுளையில் நடந்த ரொக் இசை நிகழ்ச்சியில் அவர்களுக்குக் கிடைத்ததும் பதினைந்து நிமிடம்தான். கொழும்பிலிருந்து வரும் பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்க நான்கு சின்னக் குழுக்கள். நான்காவது தங்கையுடையது.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் டிரம்ஸ் வைக்க ஏது இடம்? சுருட்டி வைத்த பாயை அடித்தே பழகினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் அதற்கும் சண்டைக்கு வந்தார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் பண்டாரவளையில் கூட்டாளி ஒருத்தியின் வீட்டுக்குப் போய் உண்மையான டிரம்ஸில் வாசிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அம்மாவையும் அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். வாரமெல்லாம் கொழுந்து பறித்த அலுப்பில், அம்மா பாதியிலேயே போகலாம் என்பார் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் பள்ளிக்கூட மாணவர்கள் நால்வர் வந்து வெளுத்து வாங்கினார்கள். அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

"என்னடி இது, தகரத்த உருட்டுற மாதிரி இருக்கு?"

அடுத்துத் தனியாக ஒரு கிட்டாரோடு வந்த சிங்களப் பெண்ணை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. ஒரு வார்த்தை புரியாமலே தலையை ஆட்டிக் கேட்டார். மூன்றாவது குழு வாசிக்கும்போது தூறல் பிடித்தது. ஒருவரும் இடத்தைவிட்டு நகரவில்லை.

பிறகு தங்கையின் குழு மேடையேறியது. முதல் பாட்டில் அவள் முகம் விறைத்திருந்தது. மூன்றாவது பாட்டுக்குள் சிரிக்கவே தொடங்கிவிட்டாள். தோட்டத்து பஸ்ஸைத் தவறவிட்டவளைப் பற்றி அவளே எழுதிய பாட்டு அது. முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அப்புத்தளைக்கிட்ட ரோட்டுல மரம் விழுந்து பெரிய குழுவோட வேன் மாட்டிக்கிச்சு. வர இன்னும் அரை மணித்தியாலமாவது ஆகும். அதுவரைக்கும் இவங்களே வாசிப்பாங்க!"

தங்கை குச்சிகளைப் பிடித்தபடி மற்றவர்களைப் பார்த்தாள். பாடுகிற பெண் தயங்கித் தயங்கி மைக்கருகே வந்தாள்.

"எங்களுக்கு வேற பாட்டு இல்லைங்க."

மைதானமே சிரித்தது. முன்வரிசையிலிருந்து யாரோ "ஆயெத்!" என்று சிங்களத்தில் கத்தினார்கள். மறுபடியும் அதையே பாடு என்று அர்த்தம். நாலாபக்கமும் அதே குரல் கிளம்பியது. தங்கை குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கி நான்கு தட்டுத் தட்டினாள்.

இரண்டாம் முறை, "போகாதே, நில்லு, நான் வாறேன்" என்ற அடியைக் கூட்டமும் சேர்ந்து பாடியது. தமிழே தெரியாதவர்களும் "போகாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். மூன்றாம் முறை பாட்டை நடுவில் நிறுத்திவிட்டுத் தங்கை மட்டும் தனியாக வாசித்தாள். நான்காம் முறை அந்தக் கிட்டார்ப் பெண்ணும் மேடைக்கு ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். ஐந்தாம் முறைதான் அம்மா நாற்காலி மேல் ஏறினார். விழுந்துவிடுவாரோ என்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மெதுவா அடிக்கிறா? வீட்டுல பாய இதவிட வேகமா அடிப்பாளே!" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டவர், மேடையைப் பார்த்து வாயருகே கையைக் குவித்தார். "நல்லா அடி மகளே!"

அந்தச் சத்தத்தில் தங்கைக்கு அது கேட்டிருக்க முடியாது. ஆனால் நாற்காலி மேல் நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அடித்த அடியில் என் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்தது.

பெரிய குழு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர்களுடைய டிரம்ஸ்காரர் மேடைப் படியில் தங்கையை நிறுத்தி, கைகொடுத்து, சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால், "தெரியலக்கா, எனக்குக் காது அடைச்சிருச்சு" என்று சிரித்தாள். அவள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

"வீட்டுக்குப் போவமா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"இப்பதான ஆரம்பிக்குது!" என்றவர், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றை மிதித்தபடி எங்கள் இருவரையும் முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்.