மிளகு விற்று வாங்கிய லைசென்ஸ்

என் மச்சான் பூபதி கரண்டு கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டே வெற்றிலை போடுவார். அதே மனுஷன் பஸ்ஸில் ஏறினால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாயைப் பொத்திக்கொள்வார்.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் எடப்புளி நாட்டில் எந்த வீட்டில் பல்பு எரிந்தாலும் அது அவர் இழுத்த ஒயர்தான். ஆனால் ஒயரிங் வேலைக்கான லைசென்ஸ் மலைக்குக் கீழே சேந்தமங்கலத்து தனபாலிடம்தான் இருந்தது. அவர் போடும் கையெழுத்துக்கே கூலியில் பாதி போனது. எனக்கு வயிறு எரியும். மச்சான் சிரிப்பார்.

சிரிக்காதவள் என் அக்கா கலைச்செல்விதான். "ஏனுங்க, இன்னும் எத்தன வருசத்துக்கு அடுத்தவங்க பேருக்கு ஒழைப்பீங்க? நீங்களே பரீட்ச எழுதுங்க" என்று அந்த வருஷத்து மிளகு முழுவதையும் விற்றுக் கொடுத்துவிட்டாள். அது கிரைண்டர் வாங்க வைத்திருந்த மிளகு. சமையலறையில் அதற்கென்று மச்சான் பிளக் பாயிண்ட்கூட வைத்திருந்தார். கட்டணம், சான்றிதழ், போட்டோ, மலையிறங்கிப் போய்வரும் செலவு என்று மிளகுக் காசு கரைந்தது. மச்சான் தோற்றால் அக்காவுக்குக் கிரைண்டரும் இல்லை, அவருக்கு லைசென்ஸும் இல்லை.

செய்முறைப் பரீட்சை நாமக்கல்லில். துணைக்கு நானும் போனேன். "முன்னப்பின்ன தெரியாதவங்க எடத்துக்கு வெறுங்கையோட போறதா?" என்று மச்சான் வீட்டு மரத்திலேயே பெரிய பலாப்பழத்தை இறக்கினார். மலையில் அதுதான் வழக்கம். கண்டக்டர் பழத்துக்கும் டிக்கெட் போட்டார். வளைவுக்கு வளைவு மச்சானின் தலை ஜன்னலுக்கு வெளியே, பழம் என் மடியில்.

பழத்தைப் பார்த்ததும் பரீட்சை அதிகாரி எகிறினார். "என்னய்யா இது, லஞ்சமா? வெளியே எடுத்துட்டுப் போ. இல்லன்னா உனக்குப் பரீட்சையே கிடையாது!"

"லஞ்சமில்லீங்க சார், பழமுங்க!" என்றார் மச்சான். வேர்த்துக் கொட்டியது அவருக்கு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் மிளகு ஞாபகம் வந்ததும் அடங்கிவிட்டது.

கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவதும் மலையில் வழக்கமில்லை. வாட்ச்மேனிடம் அரிவாள் வாங்கி, வேப்பமரத்தடியில் பழத்தை வெட்டி, பரீட்சைக்கு வந்த அத்தனை பேருக்கும் சுளை கொடுத்தோம். அவசரத்தில், பிசின் ஒட்டாமலிருக்கக் கையில் எண்ணெய் தடவ மறந்துவிட்டோம். அதற்குள் மணி அடித்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே ஒரே கூத்து! ஒருவர் விரலில் டேப் சுற்றிக்கொண்டு கழல மறுத்தது. இன்னொருவர் ஒயரை உதறினார். போர்டும் கூடவே வந்தது. அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொல்லி, எல்லோருக்கும் கூடுதல் நேரம் கொடுத்தார்.

மச்சான் எண்ணெய்க்குக் காத்திருக்கவில்லை. பலா சீசனில் வேலைக்கு நடுவே அவருக்குச் சுளை தராத வீடு எது? பாதி மலைக்கு அவர் பிசின் கையோடுதான் ஒயரிங் செய்திருக்கிறார். ஸ்க்ரூவை விரல் நுனியில் ஒட்டவைத்தே பொருத்தி முடுக்கினார். அதிகாரி சுவிட்சைப் போட்டார். பல்பு பளிச்சென்று எரிந்தது, அதிகாரியின் விரல் சுவிட்சில் ஒட்டிக்கொண்டது.

எல்லோருக்கும் மதிப்பெண் போட்டு, தாள்களை உறையில் வைத்து ஒட்டிய பிறகுதான் அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "சுளை ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?"

லைசென்ஸ் வந்த அன்று அக்கா அட்டையை முகர்ந்து பார்த்தாள். "என்ர மிளகு வாசம் கொஞ்சமாச்சும் வருதா?" என்றாள். ஊரே சிரித்தது.

மச்சான் தன் பேரில் செய்த முதல் வேலை பெரக்கரை நாட்டில். அந்தக் கூலியை யாருக்கும் பங்கு வைக்காமல் முழுசாக வாங்கிக்கொண்டு நேராகக் கீழே போனார். கிரைண்டர் பஸ்ஸில் மலையேறியது. இந்தத் தடவையும் அவர் தலை ஜன்னலுக்கு வெளியேதான்.

சும்மாவே கிடந்த பிளக் பாயிண்டில் அக்கா தன் கையாலேயே ஒயரைச் சொருகி சுவிட்சைப் போட்டாள். கிரைண்டர் கடகடவென்று சுற்றியது.

"அரிசி போடவே இல்லியே!" என்றார் மச்சான்.

"இருங்க. மொதல்ல சத்தத்தக் கேக்கறேன்" என்றாள் அக்கா.