பாவாத்தாள் கேட்ட ஒரு வருஷம்

“பயப்படாதீங்க அம்மணி, நான் புடிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க” என்று பாவாத்தாளின் குரல் காதருகே கேட்கும்போது அவர் கை வண்டியை விட்டு வெகுநேரமாகியிருக்கும். ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்குவார். வண்டி நிலைகொண்டதும் சத்தமில்லாமல் கையை எடுத்துவிடுவார். குரலை மட்டும் எடுக்கமாட்டார். தெருமுனையில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தால்தான் நாம் தனியாக ஓட்டி வந்திருப்பது தெரியும். சரவணம்பட்டிக்கும் கீரணத்தத்துக்கும் நடுவே, தார்ச்சாலை போட்டு வீடு கட்டாமல் கிடக்கும் மனைப்பிரிவில் இப்படி ஏமாந்த பெண்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். நாற்பத்து நான்காம் வயதில் நானும் ஏமாந்தேன்.

பாவாத்தாளுக்கு அறுபத்தொரு வயது. முழங்காலுக்குக் கீழே ஏற்றிச் செருகிய நூல் சேலை, காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, தலையில் கணவரின் பம்ப் கம்பெனி கொடுத்த தொப்பி. நாற்பத்தாறாம் வயதில் கணவர் நாச்சிமுத்துவின் மொபெட்டை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஓட்டிப் பழகியவர். பக்கத்து வீட்டுப் பெண் எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்க, அதுவே தொழிலாகிவிட்டது. ஐ.டி. கம்பெனிகள் வந்தன. அவற்றோடு, ஆட்டோவுக்குக் காத்து நின்று சலித்த பெண்களும் வந்தார்கள்.

முதல் நாள் வண்டியை நகர்த்தவே விடமாட்டார். நிறுத்திய வண்டியில் உட்காரவைத்து ஹாரன் அடிக்கச் சொல்லுவார். மெல்ல அடித்தால் பிடிக்காது. “இன்னும் நல்லா அடிங்க. ரோட்டுல நாமளும் இருக்கறம்னு நாலு பேருக்குத் தெரியோணுமல்லோ.” அவர் பாடத்தில் இடது வலது கிடையாது. சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம், அவ்வளவுதான். மென்பொருள் எழுதுகிறவர்கள்கூட ஒரு வாரத்தில் அந்தக் கணக்குக்கு வந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி சாய்ந்தால் அது தரையைத் தொடுவதற்குள் பாவாத்தாளின் இடுப்பு அங்கே முட்டுக்கொடுத்து நிற்கும். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் ஆக்ஸிலேட்டரைத் திருகினோம். பதினைந்து வருடத்தில் ஒரு மாணவிக்கும் சிராய்ப்புகூட வந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை அதிகம்.

அப்படிப்பட்டவர் கையை முறித்துக்கொண்டது துணிவாளியோடு மொட்டைமாடிப் படி இறங்கியபோது. கடைசிப் படி என்று நினைத்தார், இன்னும் ஒன்று இருந்தது. கையை ஊன்றினார். அவ்வளவு சின்னதாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்ட டாக்டர் பூஜிதாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறியக்கூடாது, எலும்பின் அடர்த்தியைப் பார்த்துவிடலாம் என்றார். ஸ்கேனில் இடுப்புக்கு மைனஸ் இரண்டு புள்ளி எட்டு வந்தது. மைனஸ் இரண்டரைக்குக் கீழே போனாலே எலும்புப்புரை. அடுத்த முறை முறிவது இடுப்பாக இருந்தால் மாதக்கணக்கில் படுக்கை என்று விளக்கி, வாரத்துக்கு ஒன்றாக ஒரு மாத்திரையை எழுத ஆரம்பித்தார்.

பாவாத்தாள் டாக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டே, அந்த மாத்திரை தின்றால் தாடை எலும்பு அழுகிப்போகுமாமே என்று கேட்டார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ படத்தோடு அனுப்பியிருந்தார்கள். அது மிகவும் அரிது, முதலில் பல்லைச் சோதித்து, பிடுங்க வேண்டியது இருந்தால் பிடுங்கிவிட்டு ஆரம்பித்தால் போதும் என்று டாக்டர் பொறுமையாகவே சொன்னார். பாவாத்தாளுக்கு ஆடுகிற கடைவாய்ப் பல் ஒன்று இருந்தது. அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு கெடு கேட்டார். “ஒரு வருசம் குடுங்க அம்மணி. ராயி, பெரண்டை, முருங்கைக்கீரைன்னு தின்னு பாக்கறேன். அதுல தேறலீன்னா நீங்க சொல்றதக் கேக்கறனுங்க.”

“ராகி சாப்பிடுங்க, நான் வேண்டாம்னு சொல்லலீங்க. ஒரு எலும்பு முறிஞ்ச பின்னாடி அது மட்டும் பத்தாதுன்னுதான் சொல்றேன்” என்றார் டாக்டர். பாவாத்தாள் அசையவில்லை. கடைசியில் டாக்டர் இரண்டு உறுதிகளை வாங்கிக்கொண்டு விட்டார். வைட்டமின் டி மட்டுமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். வருடம் முடிந்ததும் அதே இடத்தில், அதே இயந்திரத்தில் ஸ்கேன் எடுக்க வேண்டும். வைட்டமின் டி வெயிலில் கிடைப்பதுதான் என்று கேள்விப்பட்டதால் அதைப் பாவாத்தாள் மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வருடத்தை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் ராகிக் களி, மத்தியானம் கொள்ளுப் பருப்பு, ராத்திரி ராகி தோசை. பதினோரு மணி வெயிலில் மாடியில் அரை மணி நேரம். வேலியில் படர்ந்திருந்த பிரண்டையைத் துவையலாக்கி வகுப்புக்குக் கொண்டுவந்து, ஹெல்மெட் கழற்றாதவர்கள் வாயிலும் ஊட்டினார். முதல் தடவை புளி குறைந்துவிட்டது. அன்றைக்கு ஐந்து பெண்கள் தொண்டையைச் சொறிய வழியில்லாமல் ஹாரனை மட்டும் அடித்துக்கொண்டிருந்தோம்.

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர் நாச்சிமுத்துதான். அவருக்கு எலும்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கு இரண்டு சமையல் ஆகாது என்று அவருக்கும் களிதான். “என்ற எலும்பு இப்ப இரும்பாயிருக்குமுங்க” என்று ஒருநாள் என்னிடம் தனியாகச் சொன்னார். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பாவாத்தாளுக்கு உடம்பு நிஜமாகவே தேறியது. நான்கு கிலோ குறைந்தார். மூட்டு வலி போய்விட்டது. வண்டிக்குப் பின்னால் ஓடும்போது மூச்சு வாங்குவது நின்றது. டாக்டரம்மாவுக்குக் கொடுக்க ஒரு டப்பா எள்ளுருண்டை செய்துவைத்துக்கொண்டுதான் இரண்டாவது ஸ்கேனுக்குப் போனார்.

மைனஸ் மூன்று புள்ளி ஒன்று.

டாக்டர் குத்திக்காட்டவில்லை. எள்ளுருண்டையை வாங்கிக்கொண்டார், நன்றாக இருக்கிறது என்றார், யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். பாவாத்தாள் வீட்டுக்கு வந்து அந்தத் தாளை ஃபிரிட்ஜின் மேல் கவிழ்த்து வைத்தார். உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும்போது எலும்பு மட்டும் எப்படி இறங்கும் என்பது அவருக்கு விளங்கவில்லை. இயந்திரத்தின்மேல் சந்தேகப்பட்டார், ராகி மில்லின்மேல் சந்தேகப்பட்டார். மாத்திரையின் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை வகுப்பில் நானும் இருந்தேன். லைசென்ஸ் வாங்கியும் யூ-டர்ன் மட்டும் எனக்குக் கைகூடவில்லை. பிரத்யுஷா என்று ஒரு பெண், வங்கியில் வேலை, முப்பத்தெட்டு வயது, எட்டுப் போடப் பழகிக்கொண்டிருந்தார். திருப்பத்தில் பயந்து பிரேக்கைப் பிடித்தார். வண்டி பாவாத்தாள் பக்கமாகவே சாய்ந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

பாவாத்தாள் விலகிக்கொண்டார்.

ஓர் அடி, பின்னால். வண்டி தரையில் விழுந்தது. பிரத்யுஷாவுக்கு முழங்காலில் ரூபாய்க் காசு அளவு சிராய்ப்பு. அந்தப் பெண் உடனே எழுந்து, சுடிதாரைத் தட்டிவிட்டுச் சிரித்தார். தன் தப்புத்தான் என்றார். பாவாத்தாள் சிரிக்கவில்லை. வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டார். பாட்டில் தண்ணீரால் அந்த முழங்காலைக் கழுவினார். அப்புறம் மனைக்கல் ஒன்றின்மேல் போய் உட்கார்ந்தார். அவர் வகுப்பு நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

பக்கத்தில் போனேன். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயந்துபோட்டேன் கண்ணு” என்றார். “அந்தப் புள்ள உழுவறது தெரியுது. கை போவமாட்டேங்குது. இடுப்பு ஒடஞ்சுருமோன்னு நெனப்பு வந்துருச்சு. இப்படி நெனச்சுட்டு நான் எப்படிப் புடிச்சுட்டு ஓடறது, சொல்லு?”

மாத்திரையும் நாளைக்கே எலும்பைக் கெட்டியாக்கிவிடாது, கொஞ்சநாள் வண்டியைத் தாங்காமல் இருங்கள் என்று மட்டும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எழுந்து, பிரத்யுஷாவை மறுபடி வண்டியில் ஏற்றி, மிச்ச வகுப்பை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அந்த வாரமே கடைவாய்ப் பல் போயிற்று. ஈறு ஆறுகிறவரைக்கும் மாத்திரைக்கு டாக்டர் காத்திருக்கச் சொன்னார், காத்திருந்தார். வண்டி சாய்ந்தால் இடுப்பைக் கொடுக்கவே கூடாது என்பதும் டாக்டரின் உத்தரவு. அதற்காகப் புதுசாக வருகிறவர்களின் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்ட வைத்தார். முதல் நாள் அதைப் பார்த்து, நடைவண்டி மாதிரி இருக்கிறது என்று அவரே முகம் சுளித்தார். இப்போது அவருக்குப் பழகிவிட்டது.

களி நிற்கவில்லை. மாத்திரை ஒரு பக்கம், பிரண்டை ஒரு பக்கம். ஒன்றரை வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் இடுப்பு மைனஸ் இரண்டு புள்ளி ஒன்பதுக்கு ஏறியிருந்தது. டாக்டருக்கு மகிழ்ச்சி. இறங்காமல் நின்றாலே போதும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார். மாத்திரைக்குத்தான் அந்தப் பெருமையா என்று பாவாத்தாளைக் கேட்டேன். “ஆளுக்குப் பாதின்னு வெச்சுக்குவமுங்க” என்றார். நாச்சிமுத்துவுக்கு வாரத்தில் இரண்டு நாள் அரிசிச் சோறு திரும்பக் கிடைத்திருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறுதான் மாத்திரை நாள். வெறும் வயிற்றில், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதற்கப்புறம் அரை மணி நேரம் படுக்கக்கூடாது, தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. நான் போனபோது விழுங்கிவிட்டு, கூடத்தில் நேராக நிமிர்ந்து குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நாச்சிமுத்து மூன்று பேருக்கும் ஃபில்டர் காபி கலந்து கொண்டுவந்தார். வாசனை கூடம் முழுக்கப் பரவியது. பாவாத்தாள் நடையை நிறுத்தித் தன் டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது, டாக்டரம்மா என்ன இங்கே நின்று பார்க்கிறாரா, குடிங்க என்றார்.

பாவாத்தாள் டம்ளரின் வாய்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, பெரிய முள்ளைப் பார்த்தபடி நின்றார்.