தையல்நாயகியும் பனைமரத்து வல்லூறுகளும்

தையல்நாயகி நடந்தால் வரப்பு அரை விரல் தாழும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவ்வளவு உயரம், அதற்கேற்ற ஆகிருதி. புருஷன் உத்திராபதியோ அவள் தோளுக்குக்கூட வரமாட்டார். கல்யாணமான புதிதில் இருவரும் திருப்பனந்தாள் கடைத்தெருவுக்குப் போனால், அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாகக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். உத்திராபதி தலையைக் குனிந்துகொள்வார். கேலியைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள்; அந்தக் குனிந்த தலையைப் பார்த்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மண்ணியாற்றங்கரையில், மிராசுதார் ரெங்கசாமியின் வயல் வரப்பில் ஒற்றைப் பனை நின்றது. அதில் ஒரு வல்லூறு ஜோடி குடியேறியிருந்தது. செங்கல் நிறத் தலை, சாம்பல் முதுகு. கூடு கட்டுகிற வேலையெல்லாம் வல்லூறுக்கு ஆகாது. காக்கை விட்டுப்போன கூட்டில் சட்டமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சம்பா அறுப்புக்குக் குனிந்த தையல்நாயகி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்த ஒருநாள் கவனித்தாள். அடைகாத்தது பெரியது. சின்னது காலில் நெல்லுக்குருவியோடு தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தது. பெரியது எழும்பிப்போய் இரையை வாங்கிக்கொண்டது.

"ஏய், அங்க பாருங்கடி! பெரிசா இருக்கே, அதுதான் பொண்டாட்டி. எங்க வீட்டு மாதிரியே குடித்தனம் நடத்துது!"

அறுப்பு வரிசை மொத்தமும் அரிவாளை நிறுத்திவிட்டுச் சிரித்தது. கட்டுத் தூக்கிக்கொண்டிருந்த உத்திராபதியும் சிரித்தார், தலையைக் குனிந்தபடியே.

அதற்குப் பிறகு அந்த ஜோடி அவளுக்குச் சொந்தபந்தம் ஆகிவிட்டது. அவை வேட்டையாடுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! ஒன்று கதிரை உரசிக்கொண்டு தாழப் பறந்து குருவிக் கூட்டத்தைக் கலைக்கும். மற்றது மேலே காத்திருந்து, இறக்கையை ஒடுக்கிக்கொண்டு கல் மாதிரி விழும். கழுத்தில் ஒரே கடி, முடிந்தது. பிறகு பனைமட்டையில் உட்கார்ந்து நிதானமாக இறகு பிடுங்கும். அந்த இறகுகள் அறுப்பவர்களின் தலையில் வந்து விழும். போன வருஷம் மாசிக் காற்று முட்டையும் கூடுமாகத் தள்ளிவிட்டது. தையல்நாயகிக்குச் சோறே இறங்கவில்லை. இந்த வருஷம் மூன்று குஞ்சுகள் வெள்ளைப் பஞ்சு உடம்போடு எட்டிப் பார்த்தன.

கூலிச் சட்டம் வந்து, தெருவுக்குத் தெரு செங்கொடி முளைத்திருந்த காலம் அது. அறுவடைக் கூலிக்காகச் சங்கத்துக்காரர்களும் ரெங்கசாமியும் களத்துமேட்டில் மல்லுக்கட்டினார்கள். போலீஸ் வேன்கூட வந்து ஆற்றுப் பாலத்தில் நின்றது. ஒருவழியாக ரெங்கசாமி இறங்கிவந்தார். எல்லோரும் எழுந்தபோது தையல்நாயகி மட்டும் எழவில்லை.

"ஐயா, இன்னும் ஒண்ணு. நாளைக்கு அந்தப் பனைய வெட்டப் போறீங்களாமே?"

"ஆமா. டிராக்டர் கொட்டகைக்கு உத்தரம் வேணும். அதுக்கும் சங்கத்தக் கேக்கணுமா?"

"மேல குஞ்சு இருக்குங்க. பறக்கட்டும், அப்புறம் வெட்டிக்குங்க."

"கூலியிலதான் தோத்தேன், மரத்துலயும் தோக்கணுமா? வெட்டத்தான் போறேன்."

சங்கத்து முருகையன் அவள் காதைக் கடித்தான். "அக்கா, கெடச்சதே பெரிசு. குருவிக்காகக் காரியத்தக் கெடுக்காத."

காலையில் கோடரி வந்துவிடும். குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கைகூடச் சரியாக முளைக்கவில்லை.

சங்கம் ஜெயித்தால் உயரமான மரத்து உச்சியில் கொடி கட்டுவது அந்த ஊர் வழக்கம். முருகையன் கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்கால் ஓரத் தென்னையைப் பார்த்து நடந்தான். தையல்நாயகி சட்டென்று எழுந்தாள்.

"தென்னை என்னடா தென்னை! நாலு ஊருக்குத் தெரியணும்னா பனையிலதான் கட்டணும்!" என்றாள், மிராசுதார் காதிலும் விழும்படி.

உத்திராபதி அவளை ஏற இறங்கப் பார்த்தார். குஞ்சு இருக்கும்போது பருந்தையே ஓட ஓட விரட்டுகிற பறவைகள் அவை என்று அவருக்கும் தெரியும். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

முருகையன் பாதிப் பனைகூட ஏறியிருக்க மாட்டான். சின்னது முகத்துக்கு நேரே பாய்ந்து மிரட்டியது. பெரியது மேலிருந்து விழுந்து முண்டாசைத் தட்டிக்கொண்டு போனது. "ஐயோ, அக்கா!" என்று அலறிக்கொண்டே அவன் வழுக்கி இறங்கினான். நெஞ்செல்லாம் சிராய்ப்பு.

ரெங்கசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க கொடிக்கு என் வரப்புல எடமில்லேன்னுடுச்சு பாத்தீங்களா! இந்த ஊர்ல என் பக்கம் பேசவும் ரெண்டு பேர் இருக்காங்கடா!" அதே சூட்டில் காரியக்காரரைக் கூப்பிட்டார். "மரம் வெட்டற ஆள வேணாம்னு சொல்லிடு. இவனுங்க வயித்தெரிச்சலுக்காகவே அது நிக்கட்டும்."

தையல்நாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினாள். தனக்காகத்தான் அழுகிறாள் என்று முருகையன் உருகிப்போனான். அன்று மாலையே அவனுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, வயல் நண்டு ரசமும் வைத்துக் கொடுத்தாள். கூடப் பிறந்த அக்காகூட இப்படிச் செய்யமாட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பங்குனியில் இரண்டு குஞ்சுகள் பறந்துவிட்டன. மூன்றாவது மட்டையைப் பிடித்துக்கொண்டு வீம்பாக நின்றது. தையல்நாயகி உளுந்துச் செடி பிடுங்குவதை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றாள். உத்திராபதி கஞ்சித் தூக்கோடு பக்கத்தில் வந்து நின்றார். தகப்பன் பறவை இரையைக் காட்டிவிட்டுக் கொடுக்காமலே கூட்டைச் சுற்றியது. பொறுக்க முடியாமல் குஞ்சு பாய்ந்தது, தடுமாறியது, விழப்போனது, சமாளித்து எழும்பியது. தகப்பன் நடுவானத்தில் இரையை நழுவவிட, குஞ்சு அதை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு வேலி மரங்களுக்கு அப்பால் போனது.

தையல்நாயகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூவிக்கொண்டே புருஷனை இடுப்போடு சேர்த்து அப்படியே தூக்கிவிட்டாள். வயலில் இருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக் கைதட்டினார்கள். கேலிச் சத்தம் ஆற்றங்கரைவரை கேட்டது. அவளுக்கே ஒரு கணம் திக்கென்றது, இறக்கிவிடப் போனாள்.

உத்திராபதி தலையைக் குனியவில்லை. வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்தபடி, "எறக்காத தையலு," என்றார். "இன்னும் கொஞ்சம் தூக்கு. அது எங்க போய் உக்காந்துச்சுன்னு தெரியல."