சத்தம் குறைந்த கதை

இன்று காலை அனந்தபுரம் சாலையில் என் ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் கடகடவென்று சத்தம் போட்டது. ஓட்டப் பயந்து, மாட்டுவண்டியில் கட்டிச் செஞ்சிப் பட்டறைக்கு இழுத்து வந்தேன்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "பின்னச்சுல பல்சக்கரம் தேஞ்சிருக்குது சார். மாத்தணும்னா அறுநூறு ரூபா ஆவும்."

எனக்குத் தலை சுற்றியது. "மாத்துறது இருக்கட்டும். சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. முதல்ல அதைக் கொறைக்க வழி பாருங்க."

அவர் உடனே மாட்டுவண்டிக்காரரிடம் திரும்பினார். "இன்னாய்யா, எவ்ளோ கேட்ட?"

"பத்து."

"எட்டு வாங்கிக்க."

நான் விழித்தேன்.

"வண்டிச் சத்தம் ரெண்டு ரூபா கொறச்சிட்டேன் சார்," என்றார் மெக்கானிக், நிம்மதியாக.

அவருக்குச் சத்தம் என்றால் வாடகை. கார் கடகடவென்று போடுகிறதே, அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவரிடம் மறுபடி கேட்க வேண்டும்.