திரும்பி வருவார் என்பதற்குச் சான்று

பாளையங்கோட்டையில் டிராவல்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு உலகத்தில் மொத்தமே ஐந்தாறு ஊர்தான். துபாய், தோஹா, மஸ்கட், சிங்கப்பூர். லெந்து என்கிற தவக்கால நாட்கள் நெருங்கினால் எருசலேம். 'தாணுமாலையன் டிராவல்ஸ், உலகின் எந்த மூலைக்கும்' என்று வாசலில் பெரிதாகப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறேன். பதினெட்டு வருடத்தில் அந்த மூலையைக் கேட்டு ஒரு ஆள் வந்ததில்லை. போன வருடம் எலிசபெத் அக்கா வந்தார்.

அப்போது அவருக்கு அறுபத்தோரு வயது. அரசு ஆஸ்பத்திரியில் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சமாதானபுரத்தில் தனியாக இருந்தார். கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அவரையே கேட்டால் "அம்மாவப் பாக்கணும்லா" என்பதோடு முடித்துக்கொள்வார். அம்மா பதினொரு வருடம் படுக்கையில் கிடந்து, அதற்கு முந்தின வருடம்தான் தவறியிருந்தார்.

"அண்ணாச்சி, அசோர்ஸ் போகணும். ஏழு நாளு" என்றார்.

"அது எங்கன இருக்கு அக்கா?"

"அட்லாண்டிக் கடலுக்கு நடுவுல. போர்ச்சுகல்காரங்களுக்கு உள்ளது. எல்லாம் எரிமலையில முளைச்ச தீவு."

"எருசலேம் போய்ட்டு வந்துட்டியளா?"

"இல்ல."

"முதல்ல அத முடிச்சிருவோமே. வாற மாசம் ஒரு குரூப் போகுது."

"சபையில பாதிப் பேரு போய்ட்டு வந்துட்டாங்க. அவங்க வந்து சாட்சி சொல்லிச் சொல்லி, நானும் ரெண்டு தடவ போன மாதிரிதான் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

காரணம் ஒரு பானை. அம்மாவின் கட்டில் அருகே உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்ப்பது அக்காவின் ஒரே பொழுதுபோக்கு. அப்படி ஒருநாள் அந்தத் தீவு வந்திருக்கிறது. தரையில் குழி. குழிக்குள்ளிருந்து ஆவி. கறியும் கிழங்கும் முட்டைக்கோசும் போட்ட பானையைக் குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆறு மணி நேரம் கழித்து வந்து தூக்கினால் வெந்திருக்கிறது. பேச்சே குறைந்துபோயிருந்த அம்மா அன்றைக்கு, "தீ எரிக்க வேண்டாம், பக்கத்துல நிக்கவும் வேண்டாம். நல்ல ஊருதான்" என்று சொல்லியிருக்கிறார். அதன்பிறகு அந்த வீடியோவை இருவரும் எத்தனை தடவை பார்த்தார்கள் என்று கணக்கில்லை.

பயணத்திட்டம் போடுவது என் தொழில். அதை எனக்கு மிச்சம் வைக்காமல் அக்காவே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நாற்பது பக்க நோட்டில், நாளுக்கு ஒரு பக்கம். திங்கள்கிழமை சாவ் மிகேல் தீவில் இறங்குவது. செவ்வாய், எரிமலையின் வாய்க்குள் ஒரு பக்கம் பச்சையும் ஒரு பக்கம் நீலமுமாகக் கிடக்கும் ஏரி. புதன், பானை. வியாழன் சின்ன விமானத்தில் பிக்கோ தீவு. அங்கே கறுத்த எரிமலைக் கல்லை அடுக்கி வீட்டு அறை அளவுக்குச் சுவர் கட்டி, உள்ளே திராட்சை போட்டிருப்பார்களாம். வெள்ளி, அரை மணி நேரப் படகில் ஃபயால் தீவு. சனி, சாம்பலில் பாதி புதைந்து நிற்கிற கலங்கரை விளக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் ஊர் எதுவும் எழுதவில்லை.

"அன்னைக்கு ஓய்வுநாள். பயணம் கிடையாது" என்றார்.

"அவ்வளவு தூரம் போய் ஒரு நாள் சும்மா இருக்கவா அக்கா?"

"சும்மா இருக்கது எனக்குப் புதுசா?"

ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். புறப்படும் நேரம், சேரும் நேரம், தங்குமிடம், உடன் வருபவர். கடைசிக் கட்டத்தில் ஏழு பக்கத்திலும் ஒரு சின்னக் கோடு. வராத ஆளுக்கு எதற்குக் கட்டம் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. ஆபீஸ் பழக்கம் அப்படி. பாஸ்போர்ட் நகலை என்னிடம் தந்தபோதுகூட, 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டவர் அவர்.

பானைச் சாப்பாடு போடும் ஓட்டலுக்கு மெயில் அனுப்பினேன். குறைந்தது இரண்டு பேருக்குத்தான் பரிமாறுவோம் என்று பதில் வந்தது. இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அக்கா கணினித் திரையை எட்டிப் பார்த்துத் தானே படித்துவிட்டார். "ரெண்டு பேருக்கே சொல்லிருங்க" என்றார்.

சேதி பரவியது. "பத்மு தீவா? ரொம்ப சந்தோஷம், வேதத்துல உள்ள இடம்லா" என்று அவர்கள் சபைப் போதகரான ஐயர் வாழ்த்தியிருக்கிறார். அது இல்லை என்று தெரிந்ததும், "அங்க என்னம்மா விசேஷம்?" என்று கேட்டாராம். அக்கா பானை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வந்திருக்கும்.

தம்பி ஜாஸ்பர் டொரன்டோவில் இருக்கிறார். அக்காவின் சம்பளத்தில் இன்ஜினியரிங் படித்தவர். "இந்த வயசுல தனியா எதுக்கு அங்கயெல்லாம்?" என்று போனில் கோபித்துக்கொண்டாராம். அவர் பிள்ளைகளைக் குளிப்பாட்ட ஆள் தேவைப்பட்ட காலத்தில் இரண்டு தடவை அக்காவைக் கூப்பிட்டார். அம்மாவை விட்டுப் போக முடியவில்லை. அம்மா தவறியபோது பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். கூப்பிடுகிற பேச்சும் நின்றுவிட்டது. இந்த ரகத் தம்பிகளுக்கெல்லாம் டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வரும்.

அக்கா இரவு ரயிலில் சென்னை போய் விசாவுக்குக் கைரேகை வைத்துவிட்டு, மறுநாள் இரவு ரயிலிலேயே திரும்பினார். மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா இல்லை, ஒரு தாள் இருந்தது. அச்சடித்த காரணங்கள் வரிசையாக இருக்க, ஒன்றுக்கு நேரே மட்டும் டிக் போட்டிருந்தது. விசா காலம் முடியுமுன் இவர் நாடு திரும்புவார் என்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். "நான் அங்கனயே இருந்து என்ன செய்யப் போறேன்?" என்றார். தாளை மடித்தபடி அவரே, "அவங்க கேக்கதுலயும் தப்பு இல்ல அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில நாங்களும் கேப்போம்லா, கூட யாரு வந்திருக்கான்னு" என்றார்.

மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் இவரை இழுத்து வர ஊரில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று காட்ட வேண்டும். நான் பேனாவை எடுத்தேன். கணவர் இல்லை. பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்துவிட்டது. சரி, வீட்டுப் பத்திரம் போதும் என்றேன். வீடு அப்பா காலத்திலேயே தம்பி பெயருக்கு எழுதியாகிவிட்டது என்றார். பென்ஷன், ஆள் எங்கே இருந்தாலும் வங்கிக் கணக்கில் விழும்.

"நாய், பூனை ஏதாவது வளக்கியளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் அதற்கும் பொறுமையாக இல்லை என்று தலையை ஆட்டினார். என் தாளில் ஒரு வரிகூட ஏறவில்லை. மனுஷியாகப் பிறந்து அறுபத்தோரு வருடம் எல்லோருக்காகவும் ஓடிய ஒருத்திக்கு, திரும்பி வா என்று சொல்ல ஒரு தாள் இல்லை. ஐயரிடம் கடிதம் வாங்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறவர் என்று அவரும் எழுதிக் கொடுத்தார். எந்த ஊரிலும் ஆராதனைக்குப் போகலாமே.

நாலு நாள் கழித்து அக்கா ஃபைலோடு வந்தார். உள்ளிருந்து ஒரு ரசீதை எடுத்து மேசை மேல் வைத்தார். சேகர அலுவலக முத்திரை இருந்தது. சேகரம் என்றால் அவர்கள் சபை நிர்வாகம். வரிசை எண், இட எண், அக்காவின் முழுப்பெயர் எல்லாம் எழுதியிருந்தது.

"இது என்னது அக்கா?"

"கல்லறைத் தோட்டத்துல எனக்கு இடம். அம்மாவ வச்ச வாரமே பக்கத்து இடத்துக்கு எழுதி வாங்கிட்டேன். எங்காளுங்க முன்கூட்டியே வாங்கி வைக்கது உண்டு."

நான் அந்தத் தாளைத் தொடவில்லை. "இத எப்படிக்கா விசாவுக்கு வைக்க?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"ஏன், என் பேருல ஊருல உள்ளது இது ஒண்ணுதான். எங்க போனாலும் நான் இங்க வந்துதான ஆகணும். மொழிபெயர்த்து வைங்க."

வைத்தேன். 'விண்ணப்பதாரருக்கு அவருடைய தாயாரின் அருகில் அடக்க இடம் ஒதுக்கப்பட்டுள்ளது' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த அந்த ஒரு வரிக்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது. கண் மறைத்தது என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்.

விசா கிடைத்தது. எந்தத் தாளைப் பார்த்து மனம் இறங்கினார்களோ தெரியாது, நான் கேட்கவும் போகவில்லை. ஜூலை மாதம் அக்கா திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினார். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு நான் போயிருக்கலாம். அன்றைக்குக் கடையில் ஒரு குரூப் டிக்கெட் வேலை இருந்தது, போகவில்லை.

பத்தாம் நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது அக்கா நின்றுகொண்டிருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. ஏரி பச்சையும் நீலமும்தான், ஆனால் மேகம் வந்து மூடிவிட்டது, கால் மணி நேரம்தான் தெரிந்தது என்றார். படகில் வாந்தி எடுத்தாராம். ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் ஒரு பெஞ்சில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாராம்.

"பானை?"

"மேசையில ரெண்டு தட்டு வச்சாங்க. ஒண்ண எடுத்திருங்கன்னு சொல்லணும்னுதான் நெனச்சேன், சொல்லல. நிறைய மிஞ்சிட்டு. உப்பு கொஞ்சம் கம்மி. அம்மாவுக்குப் பிடிச்சிருக்கும்" என்றார். பிறகு பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நான் வந்து சேந்துட்டேன்னு எங்கன எழுதிக் கொடுக்கணும் அண்ணாச்சி? சென்னைக்குப் போகணுமா, இல்ல இங்கனயே கலெக்டர் ஆபீஸ்லயா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கு அக்கா?"

"திரும்பி வரமாட்டேன்னு சந்தேகப்பட்டாங்கல்லா. வந்துட்டேன்னு சொல்ல வேண்டாமா? யாராவது பாத்துக்கிட்டு இருப்பாங்கல்லா."

அப்படி எந்த ஆபீஸும் இல்லை. கணினியில் எங்கோ ஒரு தேதி தானாக விழுந்திருக்கும், அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

"இங்கனதான் அக்கா. எங்கிட்டதான் கொடுக்கணும்" என்றேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இன்னார் இன்ன தேதியில் புறப்பட்டு, ஏழு நாள் சுற்றுப்பயணம் முடித்து, நலமாகப் பாளையங்கோட்டை வந்து சேர்ந்தார் என்று எழுதினேன். கீழே அவர் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டு நேரமும் குறித்தார். அதன் பக்கத்தில் கடை முத்திரையைக் குத்தி நானும் கையெழுத்துப் போட்டேன். நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஃபைலில் வைத்துக்கொண்டு, குடையை விரித்துப் பைய நடந்து போனார்.

அசலை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. மேசை டிராயரில்தான் வைத்திருக்கிறேன்.